சோறு வைக்காத பல்கனி: ஓல்போர்க்குக்கு ஒரு பயணம்

வன்னியில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்த கிழமை, ஓல்போர்க் மருத்துவமனையில் இருந்து ஒரு தாதி என்னை அழைத்தார். எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் சிவம் இரண்டு தவணையாக வரவில்லை, மருந்தும் எடுக்கவில்லை என்றார். தான் வராவிட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லி ஒப்புதல் கொடுத்திருந்தவர் சிவமேதான். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சம்மதித்தவரும் அவரே.) கொப்பன்ஹேகன் மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம்மவர் கண்ணில் படக்கூடாதென்று வடக்கே ஓல்போர்க்குக்குக் குடிபோனவர். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருக்கு மொழிபெயர்க்கச் சில தடவை போயிருக்கிறேன். இப்படியொரு துணைக்குப் போக இருப்பவர்களுக்கு உதவுமென்று எழுதுகிறேன். உதவுமோ, தெரியாது.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் நான் இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து காலை 8.10க்குப் புறப்பட்டேன். அடுத்த பெரிய நிலையத்தில் தூர ரயில். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். ஒரு வழிக்கு 250 குரோனர். முதியோர் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். முதல்முறை கேட்கக் கூச்சப்பட்டு முழுக்காசும் கொடுத்தவன் நான். கடலுக்கடியில் செல்லும் சுரங்கத்தில் ஜன்னல் கறுத்து என் முகத்தைக் காட்டியது. அந்தக் கிழமை தொலைக்காட்சியில் பார்த்த முகங்களுக்குப் பிறகு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நிலையத்தில் இருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். மூன்றாம் மாடி. சிவம் கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தார்.

"மாஸ்டர், கெதியா உள்ளுக்கு வாங்கோ."

வெளியே நல்ல வெயில். உள்ளே திரைகள் எல்லாம் மூடியிருந்தன. சமைத்த மணமே இல்லை. பல்கனிப் பக்கத் திரைக்குப் பின்னால் ஏதோ கண்ணாடியைத் தட்டியது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு.

"ஆர் அது?"

"காகம்."

"காகத்துக்கோ பயப்பிடுறீர்?"

"நீங்கள் மட்டும் கதிரையை ஏன் பின்னுக்கு இழுத்தனீங்கள்?"

உண்மைதான், இழுத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டே சாப்பிடுவது அவர் வழக்கம். வன்னியில் இருந்த அக்காவின் தொடர்பு அறுந்த பிறகு, ஒரே காகம் நாள்தோறும் வரத் தொடங்கியதாம்.

"இப்ப சோறு வைச்சு அது திண்டால், அக்கா செத்திட்டா எண்டு நானே சொன்ன மாதிரி, மாஸ்டர். அதுதான் சமைக்கிறேல்லை."

மருந்தை இரவுச் சோற்றோடு எடுத்துப் பழகியவர். சோறு நின்றதும் மருந்தும் நின்றுவிட்டது.

வசந்தத்தில் பறவைகள் கண்ணாடியில் தெரியும் தம் பிம்பத்தையே கொத்தும் என்று படித்திருக்கிறேன். திரையை மூடினால் பிம்பம் இன்னும் தெளிவாகத் தெரியுமாம். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சத்தத்தின் நடுவே எனக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. சூரியன் மறைய இரவு பத்தாகும் நாட்கள் அவை. அதுவரை தட்டல் ஓயவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்று தாதி விளக்கினார். இரத்தம் எடுத்தார்கள். அன்றிரவே மீண்டும் தொடங்கலாம் என்றார் மருத்துவர். காகத்தின் கதையை டெனிஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். தாதி சிரிக்கவில்லை. சோறுதான் வேண்டுமென்றில்லை, பேக்கரிப் பாணும் போதும் என்றார்.

சிவத்தின் முகம் தெளிந்தது. "ஓம், பாண் எண்டால் பிரச்சினையில்லை. அக்கா பாணைத் தொடவே மாட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாதி என்னைப் பார்த்தார். முதல் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மருத்துவமனையில் காலை நேரத்தைக் கேளுங்கள், காத்திருக்கும் கூடத்தில் ஆட்கள் குறைவு. மருந்தை ஏன் விட்டாய் என்று வாசலிலேயே கேட்காதீர்கள். முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். திரும்பி வந்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். நான் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அழைத்தேன். அவர் பாணைத் தின்று, மருந்தை விழுங்கி, "போட்டிட்டன்" என்பார். பின்னால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை அந்தச் சத்தம் இல்லை.

"சிவம், மருந்து?"

"போட்டிட்டன், மாஸ்டர். இண்டைக்குச் சோத்தோட."