காதுக்குப் பின்னால் ஒரு முத்து

அப்போது வெள்ளைக்காரன் காலம். நாங்கள் தென்காசியில் இருந்தோம். பிசான நெல் அறுத்த கையோடு என் வீட்டுக்காரர் குற்றாலத்து மலையடி வயலில் எலி வளை வெட்டப் போய்விடுவார். எலிகள் சேர்த்துவைத்த நெற்கதிரைத் தோண்டி எடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. அந்தப் பங்குனியில் வளை வெட்டிவிட்டு வந்தவர் சில நாளில் காய்ச்சலில் விழுந்தார். பிறகு கை, கால், உள்ளங்கை எல்லாம் சிவப்புப் புள்ளி.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை புள்ளியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா வந்திருக்கா. ஏட்டி, இனிமே இந்த வீட்டுல காய்ச்சல்ங்கிற பேச்சே வரப்பிடாது."

வாசலில் வேப்பிலை ஏறியது. மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது. அம்மை கண்ட வீட்டில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் அந்தப் புள்ளிகள் நீர் கோக்கவே இல்லை, தட்டையாகவே கிடந்தன. அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது.

காதுக்குப் பின்னால் மட்டும் ஒன்று ஆமணக்கு விதை பருமனுக்குப் புடைத்திருந்தது. அம்மைக் கொப்புளத்தை முத்து என்போம். "முத்து நல்லா விளைஞ்சிருக்கு. கை பட்டுச்சோ, தெரியும் சேதி!" என்று மிரட்டிவிட்டு, அத்தை அதற்கு மஞ்சள் தொட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்று முடிவானது. அவரைத் தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. தாங்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். முத்துக்குக் கால் இருந்தது. அது அசைந்தது.

"அத்தை, இது உண்ணி! மாட்டு மேல கெடக்குமே, அதே கழுதைதான். இதுக்கா மஞ்சள் வச்சீக?"

"அடிப்பாவி, நாக்கு அழுகிரும்!"

"அழுகட்டும். டாக்டரைக் கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி அவுக மேல பட்டுச்சு, இந்தக் குடத்தை உங்க தலையில போட்டு உடைச்சிருவேன்!"

ஆஸ்பத்திரிக்கு ஓட்டமாய் ஓடினேன். இந்நேரம் அத்தை ஊற்றியிருப்பாரோ, ஊற்றியிருப்பாரோ என்றே மனசு அடித்துக்கொண்டது. டாக்டரோடு திரும்பி வந்து பார்த்தால், நல்லவேளை, ஊற்றவில்லை. டாக்டர் உண்ணியைப் பிடுங்கிப் போட்டார்.

"இது அம்மை இல்லம்மா. வயக்காட்டு எலி மேல ஒட்டிக் கெடக்க உண்ணி கடிச்சு வந்த காய்ச்சல். இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. நெஞ்சு ரொம்ப பலவீனமா இருக்கு, எந்திரிக்க விடாதீங்க, கஞ்சித் தண்ணி குடுங்க. இப்பத் தூக்கி உக்கார வச்சுத் தலைக்கு ஊத்தியிருந்தா ஆள் போயிருப்பார்."

அவர் பிழைத்துக்கொண்டார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் ஜெயித்த முகத்தோடு அத்தை பக்கம் திரும்பினேன். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, போன வருஷம் என் சின்ன மவனும் இப்படித்தான் வளை வெட்டிட்டு வந்து படுத்தான். அவனுக்கும் புள்ளி நீர் கோக்கல. நான்தான் தூக்கி உக்கார வச்சு ஊத்துனேன். ஊத்திட்டு இருக்கும்போதே என் மேல சாஞ்சிட்டான்."

டாக்டர் பெட்டியை மூடினார்.

"அது வேறயா இருக்கும்மா" என்றார், அத்தை முகத்தைப் பார்க்காமல்.