குரல் பொறுக்கிய காலம்

கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கேட்டு வீடு வீடாகப் போகிறவன் மரியாதையை எதிர்பார்க்கக் கூடாது. காப்புறுதி விற்றுப் பழகிய உங்களுக்கு இது புரியும். நான் உங்களுக்கும் ஒருபடி கீழே. ஆட்களின் குரலைச் சேகரித்தேன். இலங்கையில், வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த காலம். சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் தொலைபேசி ஒன்றை கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. தமிழ்க் குரல்கள் சேர்ந்தால் அதில் தமிழும் வரும், என் தற்காலிக வேலையும் நிரந்தரமாகும்.

முதலில் எந்த நாடு?

தொலைபேசி அமெரிக்காவுக்கு முதலில், தமிழ் பேசும் எங்களுக்குக் கடைசியிலா என்று மேலாளர் டேவிட்டிடம் சண்டைக்குப் போனேன். தமிழின் தொன்மை பற்றி அரைமணி நேரம் விளாசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த நாட்டில் ஆட்கள் குரல் தருகிறார்களோ அங்கேதான் முதலில் போவோம் என்றார். எங்கள் ஆட்களைப் பேச வைப்பது பிரச்சினையே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம் என்று வாயை விட்டேன்.

“நல்லது, அப்படியென்றால் நீயே கொண்டு வா” என்றார்.

வாய் திறக்காத அங்கிள்

ஸ்காபரோவில் முதல் வீடு. அந்த வீட்டு அங்கிள் அரசியல் பேசினால் கோப்பிக்கடை முழுக்கக் கேட்கும். மைக்கைக் கண்டதும் ஊமையாகிவிட்டார். இது எங்கே போகும் என்று சைகையால் கேட்டார். அமெரிக்காவில் உள்ள கம்பியூட்டருக்கு என்று நான் பெருமையாகச் சொன்னதோடு அன்ரியும் ஊமையானார். ரோல்ஸும் தேத்தண்ணியும் தாராளமாக வந்தன, ஒரு சொல் வரவில்லை. கோப்பை வைக்கும் சத்தம் மட்டும் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. மைக்கைப் பைக்குள் வைத்து வாசலுக்கு வந்த பிறகுதான் அங்கிளுக்குக் குரல் திரும்பியது.

“தம்பி, ஊரில கதைச்சு மாட்டுப்பட்டுத்தானே இஞ்ச வந்தனாங்கள். இஞ்சயும் கதைக்கச் சொல்லுறீர்.”

சாந்தி அக்கா

எல்லா வீட்டிலும் இதே கதை. கடைசியில் ஒரே ஒருவர் சம்மதித்தார்: பிக்கரிங்கில் பொதி கட்டும் வேலை செய்த சாந்தி அக்கா. வாசிக்கவேண்டிய வசனங்களை நானே மொழிபெயர்த்திருந்தேன். அதில் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லும் ‘தம்பிக்குக் கோல் எடு’ என்ற வசனம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்காவுக்கும் பிடித்துவிட்டது போலிருந்தது. ஒருமுறை போதும் என்று நான் சொல்லியும் கேட்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடத் தெளிவாக. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எனக்குள் ஒரே குதூகலம்.

முடிந்த பிறகும் அவர் மைக்கை விடவில்லை. அப்போதுதான் சொன்னார், வன்னியில் இருந்த தம்பியின் அழைப்பு மாசி மாதத்தோடு நின்றுவிட்டதாம்.

“நான் வடிவாய்த்தானே சொன்னனான்? உம்மட மிசின் எடுத்தால், அவன் கதைப்பானே?”

அந்தத் தொலைபேசியில் தமிழ் ஏன் இன்னும் வரவில்லை என்று நீங்கள் யாரையாவது பிடித்துக் கேட்பதென்றால், கிடைத்த ஒரே குரலையும் நிறுவனத்துக்குக் கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொண்டு வேலையையும் விட்டுவிட்டு வந்த என்னைத்தான் கேட்கவேண்டும்.