மூன்றாம் எண் ஆவணம்

பல்செட் செய்யும் அந்த லேபில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மெழுகு உருக்குகிறவர் மெழுகுவர்த்தி, ஓயாமல் தும்முகிறவர் பொடிமட்டை. அவளுக்குத் தீவுக்காரி என்று பெயர். மற்றவர்கள் பெயர் லேப் வாசலைத் தாண்டாது. அவளுடையது ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம் வரை போயிருந்தது. எழுபத்து நான்காம் பக்கத்தில் கீழ்ப்பாதியில் ஒரு படம், அதன் கீழே 'நமது தீவில் நடந்த முதல் திருமணம்' என்று ஒரு வரி. படத்தில் அவள் கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். நாட்டுப்பண் பாடுகிறாள் என்று வாத்தியார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் அவளுக்கு வாந்தி வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை அக்கா பார்த்து முடித்த வரன். ஜெனரேட்டர் மெக்கானிக், அரசாங்க வேலை, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. தேதி குறிப்பதற்குள் அவனைத் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். தீவு என்றால் இரண்டு கால்பந்து மைதானத்தை முன்னும் பின்னுமாகப் போட்ட நீளம். புல் பூண்டு கிடையாது, குடிதண்ணீர் கப்பலில் வரவேண்டும், மிச்சமெல்லாம் பறவை எச்சம். அதற்காக இந்த நாடும் பக்கத்து நாடும் எழுபது வருடமாக மல்லுக்கு நின்றன. இந்த நாடு அங்கே பதினோரு ஆளையும் ஒரு கொடிக்கம்பத்தையும் ஒரு ஜெனரேட்டரையும் வைத்திருந்தது. பக்கத்து நாடு ஒலிபெருக்கி கட்டிய ஒரு ரோந்துப் படகை வைத்துக்கொண்டு தீவைச் சுற்றிச் சுற்றி வந்தது.

எல்லை விவகாரத் துறையில் ஒரு அதிகாரி இருந்தார். கக்கத்தில் கோப்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக்குக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று தெரிந்ததும் அவர் பெண் வீட்டுக்கே வந்துவிட்டார். தீவில் பிறப்பு இல்லை, இறப்பு இல்லை. மனிதர் வாழும் இடம் என்று உலக நீதிமன்றத்தில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒரே ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டால் போதும் என்றார். சாவதற்கு ஆள் கேட்கவில்லையே என்று அக்காவுக்கு நிம்மதி. கல்யாணம் முடிந்ததும் நகரத்தில் அரசாங்கக் குடியிருப்பில் ஒரு வீடு என்றதும் அக்காவே தலையாட்டிவிட்டாள்.

மூன்று நாள் கப்பல். போகும்போதே அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பதிவாளர் பதிவேட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தார். தீவில் காற்று அடித்த அடியில் அவள் நிலைகொள்ள முடியாமல், இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் ஒரு கையைப் பிடிக்க வந்தான்; கை மிச்சமில்லை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பதிவாளர் முறைப்படி கேட்டார்.

"இருக்கிறது" என்று கடலிலிருந்து பதில் வந்தது.

ரோந்துப் படகின் ஒலிபெருக்கி. எங்கள் மண்ணில் எங்கள் அனுமதி இல்லாமல் நடக்கும் இந்தத் திருமணத்தை வன்மையாக ஆட்சேபிக்கிறோம் என்று அது மூன்று முறை சொன்னது. பதிவாளர் சட்டம் தெரிந்தவர். பதிவேட்டைப் புரட்டி, 'ஆட்சேபம்: ஒன்று. தூரம்: சுமார் அரை மைல். உறவுமுறை: இல்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்.

அந்தக் காகிதம்தான் பிறகு வழக்கில் மூன்றாம் எண் ஆவணம் ஆனது. ஒன்று பழைய வரைபடம். இரண்டு, தீவில் எப்போதோ இருந்த கலங்கரை விளக்குக்குக் கண்ணாடி மாற்றிய ரசீது. மூன்று இவர்கள்.

ஆறு மாதம் கழித்து அவனுக்கு நகரத்துக்கே மாற்றல் வந்தது. மூன்றாவது மாடியில் வீடு. துறை கொடுத்த சோபா, அதன் காலில் வெள்ளைப் பெயின்டில் எண். வாசலில் இருவர் பெயரும் பொறித்த பலகை. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் வருடம் போகப் போக அவளுக்குப் புரிந்தது, இது எண்ணெயும் தண்ணீரும் என்று. அவன் பதினெட்டு வயதிலிருந்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருந்தவன். உப்பை எடு என்பதைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கத்தான் சொல்வான். சத்தம் இல்லாவிட்டால் எங்கேயோ எதுவோ நின்றுபோய்விட்டது என்று அவனுக்குக் கைகால் பதறும். ரேடியோ, மிக்ஸி, மின்விசிறி என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அவளோ நாள் முழுக்க சின்ன டிரில்லை வைத்துப் பிளாஸ்டர் அச்சில் பல் பல்லாகத் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பேசாமல் இருந்தால் போதும் என்று வீடு திரும்புகிறவள். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. அதனால் யாரிடமும் சொல்லி அழவும் வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வருடம் இருந்தாள். எட்டாவது வருடம் பிரிந்துவிடலாம் என்று அவனிடமே சொன்னாள். அவன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான்.

"எனக்கும் உன்னோட இருக்கப் பயமாத்தான் இருக்கு," என்றான். "நீ பேசாம இருக்கும்போது பழுதாயிட்ட மாதிரியே இருக்குது."

ஆக, இருவருக்கும் சம்மதம். குடும்ப நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். எழுத்தர் திருமணச் சான்றிதழின் எண்ணைப் பார்த்தார், ஒருமுறை அவர்களைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அவர்கள் பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் கோப்பு அதிகாரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் தாராளமா பிரியலாம்," என்றார். "ஆனா இந்தக் கல்யாணம் பிரியக் கூடாது."

இந்தக் கல்யாணமே நாடகம் என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது, இப்போது விவாகரத்து என்றால் ஆமாம் நாடகம்தான் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினார். வழக்கு முடியட்டும் என்று கும்பிட்டுக் கேட்டார். எப்போது முடியும் என்று அவள் கேட்டதற்கு, எதிர்த்தரப்பு இப்போதுதான் பதினேழாம் நூற்றாண்டைத் தொடங்கியிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் லேபில் அவள் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. துறை ஒரு மனநல ஆலோசகரை அனுப்பியது, அவர் இரண்டு வாரம் இருவருடனும் பேசிவிட்டு, இவர்கள் பிரிவதுதான் நல்லது என்று எழுதிக் கொடுத்தார், அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்து பொதுப்பணித் துறை ஆட்கள் செங்கலும் சிமென்டுமாக வந்தார்கள். நடுக்கூடத்தில் சுவர் எழும்பியது. சுவருக்குள் பஞ்சு அடைத்து, அந்தப் பக்கச் சத்தம் இந்தப் பக்கம் வராமல் செய்தார்கள். சமையலறை அவள் பக்கம் விழுந்தது, குளியலறை அவன் பக்கம். சமையலறைக்கு அவனும் குளியலறைக்கு அவளும் எந்தெந்த நேரம் வரலாம் என்று தட்டச்சு செய்த ஒரு அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டது; கீழே துறையின் முத்திரை. வாசல் மட்டும் ஒன்றுதான். பலகையும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து, அவள் பக்கம் ஒரு டீயும் அவன் பக்கம் ஒரு டீயும் குடித்துவிட்டு, 'இல்லறம் திருப்திகரம்' என்று கோப்பில் எழுதிக்கொண்டு போவார். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தால் இருவரும் சோபாவில் ஒட்டி உட்காரவேண்டும். சோபா அவன் பக்கத்தில் இருந்ததால் அவள்தான் போகவேண்டியிருந்தது.

ஒருநாள் பக்கத்து நாட்டின் முத்திரையோடு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தீவு தங்களுடையது என்பதால் அங்கே நடந்த கல்யாணத்தைக் கலைக்கும் அதிகாரமும் தங்களுக்கே உண்டு என்றும், அவள் துன்பம் தங்கள் காதுக்கு எட்டியது என்றும், தூதரகத்துக்கு நேரில் வந்தால் ஒரே நாளில் விவாகரத்து வழங்கத் தயார் என்றும் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் அவனிடம் காட்டினாள். அவன் உரக்கப் படித்தான். அவன் எதையுமே உரக்கத்தான் படிப்பான். 'தங்கள் துன்பம்' என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

"போய்ட்டு வா," என்றான். "யார் குடுத்தா என்ன, கிடைச்சா சரி."

லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். தூதரகத்தில் உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தார்கள். சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் எழுத்தர் இரண்டு பக்கப் படிவத்தை நீட்டினாள். பேனாவைத் திறந்துவிட்டுத்தான் அவள் படித்தாள். முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில், அனுமதியின்றி அந்நிய மண்ணில் கால் வைத்ததற்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒரு வரி. இதை அடித்துவிடலாமா என்று கேட்டாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளே என்று எழுத்தர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நாட்டுப்பற்று அப்படி ஒன்றும் பொங்கி வழிந்ததில்லை. தீவு யாருக்குப் போனால் என்ன என்றுதான் இருந்தாள். ஆனால் இந்த மன்னிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது.

"மூணு நாள் வாந்தி எடுத்துக்கிட்டுப் போனேங்க," என்றாள். "மன்னிப்பு யாராவது கேக்கணும்னா அது நானில்ல."

பேனாவை மூடி வைத்துவிட்டு லேபுக்குத் திரும்பி, மிச்ச அரைநாள் வேலையையும் பார்த்தாள். அந்த மாதம் அதிகாரி வந்தபோது, அவள் தூதரகத்தில் சொன்னது அவருடைய கோப்பில் ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தது. அவள் பக்கம் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

சுவர் எழும்பிப் பதினோரு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம். புல் முளைக்காத, நீர் ஊறாத, மனிதன் தானாக வாழமுடியாத அந்த இடம் சட்டப்படி தீவே அல்ல, வெறும் பாறை. இரு தரப்பின் உரிமையும் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் அவளும் இருந்தாள். உரிமை இல்லாத இடத்தில் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. எனவே மூன்றாம் எண் ஆவணம் செல்லாது.

அதாவது அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அதிகாரி அழுதுகொண்டே வந்து சொன்னார். வழக்குக்காக அழுகிறாரா, தங்களுக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். விவரம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். இத்தனை வருடமும், கல்லானாலும் கணவன் என்று பொறுத்துப் போ என்று போனில் ஓதிக்கொண்டிருந்தவள் அக்காதான்.

"கணவன் கல்லா இருந்தாத்தான்டி பொறுத்துக்கணும்," என்றாள் இப்போது. "கல்யாணமே கல்லு மேலன்னா அந்தக் காலத்துக் கிழவிக என்ன பழமொழி சொல்லிவச்சிருக்காளுக?"

சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அது தீவுத் தம்பதிக்கு ஒதுக்கிய வீடு. தீவும் இல்லை, தம்பதியும் இல்லை. முதலில் சுவரை இடிக்கப் பொதுப்பணித் துறையின் அதே ஆட்கள் வந்தார்கள். பஞ்சு பறந்து வீடெல்லாம் படிந்தது. அவனும் அவளும் நின்ற கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் சுவர் இல்லை என்பது உறைத்து, குரலைத் தாழ்த்த முயன்றான்.

"விருப்பம் இருந்தா இங்கேயே முறைப்படி பதிவு பண்ணிக்கலாம்னு அந்த அதிகாரி சொன்னார். வீடும் நிலைக்குமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவகிட்டயே கேக்குறேன்னேன்."

அவள் அவனுடைய தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். வேண்டாம் என்றாள். அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. எது கூட என்று அவனுக்கே தெரிந்திருக்காது. யார் எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வது என்று அன்றைக்குப் பிரித்தார்கள். ஒரு சண்டை இல்லை. மிக்ஸியை அவன் கேட்குமுன் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவனுக்கு ஒரு அச்சகத்துக்கு மேலே அறை கிடைத்தது. அவளுக்கு லேபிலிருந்து நாலு தெரு தள்ளி, முட்டுச்சந்தில் கடைசி வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரம்மா வாடகைப் படிவத்தை வைத்துக்கொண்டு கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்று கேட்டார். ஆகவில்லை என்றாள். நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்வது அவளுக்கே புதிதாக இருந்தது. வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்த முகமா இருக்கே," என்றார். "என் பேத்தி புத்தகத்துல யாரோ உன்னை மாதிரியே பாடிக்கிட்டு நிப்பாங்க."

அந்தப் பக்கத்தை அடுத்த வருடம் எடுத்துவிடப் போகிறார்களாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அவள் கேட்டாள்.