கருமாதி அன்று அழிந்த எண்

எங்கள் தொழிலுக்கு இயந்திரம் இரண்டாம்பட்சம். போன் நம்பர்தான் முதல். நன்னிலத்தில் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு அனுப்புகிறோம். இரண்டு வண்டிகள் சொந்தம். தை பிறந்தால் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் நாலைந்து வண்டிகள் வந்து எங்கள் பொறுப்பில் ஓடும். எந்த ஊரில் எந்த நாள் அறுப்பு, யார் வயலுக்குப் பிறகு யார் வயல் என்பதையெல்லாம் என் கணவரின் அண்ணன்தான் முடிவு செய்கிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டியலைக் கட்டிக் காப்பவள் நான்.

முன்பெல்லாம் நம்பர்கள் மூன்று இடங்களில் கிடந்தன. பெரியவர் போனில் கொஞ்சம், என் போனில் கொஞ்சம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் மிச்சம். கணவரின் அண்ணனை வீட்டில் பெரியவர் என்றுதான் சொல்வோம். ஒரு விவசாயி நம்பரை மாற்றினால் அது ஒருவருக்குத் தெரியும், மற்றவர் பழைய நம்பருக்கே அடித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒரே வயலுக்கு நான் ஒரு வண்டியையும் அவர் ஒரு வண்டியையும் அனுப்பிவிட்டோம். இரண்டு டிரைவர்களும் வரப்பில் நின்று சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து, எல்லா நம்பரையும் ஒரே இணையக் கணக்கில் ஏற்றி, மூன்று கருவியிலும் அந்தக் கணக்கையே திறந்து வைத்தேன். டிரைவர்களுக்கான தினசரிப் பட்டியலும் அதிலிருந்துதான் போகும். முழுதாக ஒரு வாரம் ஆனது. கழுத்து வலி வந்தது. ஆனால் பெருமைக்குக் குறைச்சலில்லை.

"ஒண்ணுல மாத்துனா எல்லாத்துலயும் மாறிடும் மாமா" என்று பெரியவரிடம் சொன்னேன். கோயில் ஒலிபெருக்கியைக் கேட்பது போலக் கேட்டார். "சரி சரி" என்றார்.

இன்னொரு சட்டமும் போட்டேன். அறுப்பு மாதத்தில் பெயர் காட்டாத நம்பர் வந்தால் எடுப்பதில்லை. முன்பதிவு செய்தவர்கள் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். இல்லாதவர்கள், வேறு ஆளிடம் சொல்லிவைத்துவிட்டு மேகம் கறுத்ததும் இங்கே ஓடிவருகிறவர்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் நம் ஆட்களுக்கு வண்டி போகாது. இந்தச் சட்டத்தை நான் மிகவும் மெச்சிக்கொண்டேன்.

பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஒரு சாவையும் விடமாட்டார். மாலையோடு போவார், கருமாதிக்கும் போவார். கருமாதிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலை முழுகிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இறந்தவரின் நம்பரைத் தன் போனிலிருந்து எடுத்துவிடுவார். எப்போதோ ஒரு தடவை கை தவறி, செத்துப்போன ஒருவர் நம்பருக்கு அடித்துவிட்டார். அந்த வீட்டில் எடுத்த கிழவி இவர் குரலைக் கேட்டு அழுதுவிட்டாளாம். அன்றிலிருந்து இந்த வழக்கம். "போனவங்க பேரு போன்ல கெடக்கக் கூடாது" என்பார். பழைய போன் காலத்தில் அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. அவர் போன், அவர் நம்பர்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஆள் போனாலும் நம்பர் போவதில்லை. பேங்க் தகவல், கூட்டுறவுச் சங்கத் தகவல் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும் என்பதால் சிம்மை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அதற்குப் பிறகு யார் வயலைப் பார்க்கிறார்களோ அவர்கள் அந்தப் போனை எடுப்பார்கள். அதனால் நான் இறந்தவர்களை அழிப்பதில்லை. பெயருக்குக் கீழே, இப்போது யார் பேசுவார்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். அவர் அழிப்பதும் எனக்குத் தெரியும், நான் அழிக்காததும் எனக்குத் தெரியும். இரண்டையும் இப்போது ஒரே கணக்கில் கட்டிவைத்திருக்கிறேன் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மார்கழியில் கடைமடை ஊர் ஒன்றில் எங்கள் பட்டியல்காரர் ஒருவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். குத்தகைக்கு ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், செய்துகொண்டிருந்தவர். நான் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். கிளம்பும்போது கொல்லைப்புறம் கூட்டிப் போய்ச் சொன்னாள்.

"அக்கா, நெலத்துக்காரரு இந்த அறுப்பப் பாத்துட்டுத்தான் சொல்லுவாராம். ஒழுங்கா வீடு கொண்டாந்து சேத்துட்டா குத்தகைய என்கிட்டயே விடுறேங்குறாரு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவாராம். வண்டிய மட்டும் மறந்துடாதீங்கக்கா. அவரு நம்பருதான், நான்தான் எடுப்பேன்."

"நீ கவலப்படாத. வண்டி வர்ற அன்னைக்கு நானே கூப்புடுறேன்" என்றேன். அவள் எதிரிலேயே போனைத் திறந்து, அவர் பெயருக்குக் கீழே 'மனைவி பேசுவார், கட்டாயம் அழைக்கவும்' என்று அடித்தேன். அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

பொங்கலுக்கு முன்பே கருமாதி முடிந்தது. பெரியவர் போய்விட்டு வந்தார், தலை முழுகினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

தை பாதியில் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். வேதாரண்யத்தில் மழை ஆரம்பித்துவிட்டது என்று செய்தி வந்ததும் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். போன் சூடாகிக் காதைச் சுட்டது. பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். அந்தக் கடைமடை ஊருக்கும் வண்டி போயிற்று. அந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் காட்டியவர்களை அழைத்தேன், கதை முடிந்தது. பெயரில்லாத நம்பர்கள் நடுநடுவே வந்தன. வந்த வேகத்தில் வெட்டிவிட்டேன். மறுநாள் காலையில் வண்டியை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பினேன். அன்று மத்தியானம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை.

மூன்றாம் நாள் டிரைவர் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அந்த ஊர்ல ஒரு அம்மா வந்து வண்டி முன்னாடியே நின்னுச்சுங்க. லிஸ்டுல பேரு இல்ல, ஆபீசுக்குப் போன் போடுங்கன்னு சொல்லிட்டேன்."

ஓடிப்போய்த் தேடினேன். பெயர் இல்லை. என் போனில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை. அழித்தவை கொஞ்ச நாள் கிடக்கும் குப்பைத்தொட்டி ஒன்று அதில் உண்டு. திறந்தேன். அங்கே இருந்தது, நான் எழுதிய குறிப்போடு. எந்தக் கருவியில் அழித்தது, எந்த நாள் என்றுகூடக் காட்டியது. பெரியவர் போன். கருமாதி நாள். பிறகு நான் எடுக்காத அழைப்புகளைப் பார்த்தேன். அதே நம்பர், நாலு தடவை.

பெரியவரிடம் போய் நின்றேன். "நான் என் போன்லதான அழிச்சேன்? ஒன் போன தொட்டேனா?" என்றார்.

"ஒண்ணுல மாத்துனா எல்லாத்துலயும் மாறும்னு சொன்னேன்ல மாமா?"

"மாறும்னு சொன்ன. அழியும்னு சொன்னியா?" என்றார். "நோட்டுல எழுதி வச்ச காலத்துல ஒருத்தர் வயலும் விட்டுப் போனதில்ல. எல்லாம் நீ கொண்டாந்த வினை."

விட்டுப் போன வயல்களை ஊர் வாரியாக என்னால் சொல்ல முடியும். என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆண்டி நான்தான். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருப்பேன். எறிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, நம்பர்கள் அத்தனையும் அடுத்த போனில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். பயிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் முழங்கால் சேற்றில் நின்று அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் அறுத்துப் போட்டிருந்த அரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. எங்கள் வண்டியை இப்போது இறக்கினால் புதைந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் விளக்கினேன். வேறென்ன செய்ய? ஒரே கணக்கு, மூன்று கருவி, பெரியவர் வழக்கம், அவர் போனில் அழித்தால் என் போனிலும் அழியும் என்பதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அழிஞ்சது சரிக்கா. நான் நாலு தடவ அடிச்சேனே. ஒரு தடவ எடுத்திருந்தீங்கன்னா நான் சொல்லியிருப்பேன்ல?"

கையிலிருந்த அரியை வரப்பில் வைத்தேன். "ஆம்பள இல்லாத வீட்டு அறுப்புன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நிலத்துக்காரர் சொன்னபடியே செய்தார். சித்திரையில் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். கடைமடையில் ஐந்து மா குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும் அறுப்புக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகவும் சொன்னார். நல்ல மனிதர். கையில் வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்திருந்தார். அவர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஆனாலும் இருந்தது.

"நம்பர ஏத்திக்கம்மா" என்றார் பெரியவர். ஏற்றினேன். ஊர், ஐந்து மா, பெயர், நம்பர். நான் கையை எடுப்பதற்குள் பெரியவர் போனில் வந்துவிட்டது. அவர் அதை அந்த மனிதரிடம் காட்டினார்.

"பாத்தீங்களா? நம்மகிட்ட ஒரு நம்பர் ஏறிட்டா எங்கயும் போவாதுங்க. நீங்க நிம்மதியா இருங்க" என்றார்.

வந்தவர் நிச்சயப்படுத்திக்கொள்ள என் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன்.