கேட்டதில் பாதி

பிஸ்கட் பத்துப் பெட்டி என்று கடைக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள், வேனில் சரக்கு கொண்டுவருகிறவர் ஐந்து என்று எழுதி முடித்திருப்பார். சோப்பு ஆறு என்றால் மூன்று. "யோவ், நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டால், "விழுந்துச்சுண்ணே" என்பார். விழுந்ததை எடுத்து எழுத மட்டும் மாட்டார்.

இது இன்று நேற்று வந்த வயிற்றெரிச்சல் இல்லை. கடைக்காரர் தலையில் முடி இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. கடை கடையாகச் சரக்கு போடும் மற்ற லைன்காரர்கள் எல்லாம் இன்னும் இரண்டு பெட்டி போட்டுக்கொள்ளுங்கள், இந்த மாதம் ஆஃபர் முடிகிறது என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுகிறார்கள். இந்த ஒரு மனிதர் மட்டும், கேட்ட சரக்கைக் கொடுப்பதற்கு வீட்டை எழுதிக் கேட்டதுபோல் யோசிக்கிறார். சந்துக்கடைதானே, இவனுக்கு எதற்குப் பத்துப் பெட்டி என்ற இளக்காரம் என்றுதான் கடைக்காரர் வெகுகாலம் நினைத்திருந்தார். அந்தக் கடுப்பில்தான் அவருக்குப் 'பாதி' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்காரரின் மனைவியே மாடியிலிருந்து, "பாதித் தம்பி வந்தாச்சு, கீழ பாருங்க" என்று குரல் கொடுப்பார். பெயருக்கு உரியவர் அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதில்லை. "முழுசா இருக்கிறவன் யாரு அக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வேலை என்பது இதுதான். கம்பெனிகளின் சரக்கு ஏஜென்சி கிடங்குக்கு வரும். கிடங்கிலிருந்து வேனில் ஏற்றி, கடை கடையாக நிறுத்தி, ஆர்டர் எழுதி, இறக்கிவிட்டு வரவேண்டும். பற்பசையிலிருந்து பேட்டரி வரை எல்லாம் உண்டு. வேன் சந்துக்குள் நுழையாது. சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, பெட்டிகளைக் கைவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வருவார். ஆள் நல்ல உயரம். கடை முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்தில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு கோடு நிரந்தரமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இடித்த பிறகுதான் குனிவார்.

கடைக்குள் வருவதற்கு முன்னால் இன்னொரு காரியம் உண்டு. சந்து முனையில் வீட்டுக் குப்பையெல்லாம் வந்து சேரும் பெரிய தொட்டி இருக்கிறது. அங்கே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்ப்பதுபோல உள்ளே பார்ப்பார். கிளறுவதில்லை, தொடுவதில்லை. சும்மா பார்ப்பார். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை, "பாக்க டீசன்டா இருக்காரு, புத்தி இப்படிப் போகுதே" என்று கடைக்காரரின் மனைவியிடம் வருத்தப்பட்டாள்.

அதன் பிறகு கடை. வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது. நேராக அலமாரிக்குப் போய், பாக்கெட்டுகளின் தலையில் விரலை இழுத்து, தூசு படிந்த விரலைக் கடைக்காரரின் மூக்குக்கு நேராகக் காட்டுவார். நகராமல் நிற்கும் ஷாம்பூவைப் பார்த்து, "என்னடா, இன்னும் கிளம்பலையா?" என்று, விடிந்தும் படுத்திருக்கிற மகனைக் கேட்பதுபோல் கேட்பார்.

"என்கிட்ட கேளுய்யா, சரக்குகிட்ட என்ன கேக்கிற?" என்பார் கடைக்காரர்.

"உங்ககிட்ட கேட்டா எல்லாம் ஓடுதும்பீங்க. தொட்டியப் பாத்தாத்தான் எது ஓடுச்சுன்னு தெரியும்."

"உனக்கென்ன? இறக்கினா உன் டார்கெட் முடிஞ்சுது."

"உங்க கடையில இறக்கினதும் வித்துப்போச்சுன்னு கம்பெனி நினைச்சுக்கும். நான் நினைக்க மாட்டேண்ணே. வீட்டுக்குள்ள போயி, தீந்து, உறை வெளிய வந்து விழணும். அதுதான் விக்கிறது."

இதைக் கேட்டுக் கேட்டு கடைக்காரருக்குக் காது புளித்துவிட்டது. மாதக் கடைசியில் டார்கெட் குறைந்ததற்காக ஏஜென்சியில் பாதியை நிற்கவைத்துத் திட்டுவார்கள் என்று வேன் டிரைவர் சொல்வான். அப்போதுகூட கடைக்காரருக்கு, நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. பொய் சொல்வானேன்.

போன மழைக்காலத்தில் பரணிலிருந்து பெட்டி எடுக்க ஏணி ஏறிய கடைக்காரர், ஏணியோடு சேர்ந்து கீழே வந்தார். தொடை எலும்பு. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாடிக் கட்டிலே கதி. கீழே ஷட்டர் மூடியே கிடந்தது.

அது மூடக்கூடாத நேரம். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்று திறந்திருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் முகத்தைப் பார்க்க வேண்டாம். சந்தில் இருந்த வேறு இரண்டு கடைகள் ஏற்கெனவே இழுத்து மூடியாயிற்று. மிச்சம் இவர் ஒருவர்தான். ஏஜென்சியில் ஒரு சட்டம் உண்டு: தொடர்ந்து மூன்று முறை ஆர்டர் தராத கடையின் பெயரை லைன் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இவர் பெயரை அடித்துவிட்டால் இந்தச் சந்தில் நிற்க வேனுக்குக் காரணமே இல்லை. சரக்கு வராத கடை வெறும் அறை. அந்த அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வயதில், இந்தக் காலோடு, வேறு எந்த வேலைக்குப் போவது? கடைக்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் நினைத்தபடி கிடந்தார்.

ஒருநாள் பாதி அவரைப் பார்க்க மாடிக்கு வந்தார். கட்டில் அருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் ரெண்டு தடவை வந்து மூடின ஷட்டரப் பாத்துட்டுப் போயிட்டேண்ணே. அடுத்தது மூணாவது."

"தெரியும். நீயே என் பேர்ல நாலு பெட்டி எழுதி, வேற கடையில இறக்கிடேன். எல்லாரும் செய்யறதுதானே?"

"செய்யலாம். காகிதத்துல கடை இருக்கும். ஆனா இந்தச் சந்துல இருக்கிற காலெல்லாம் மெயின் ரோட்டுக்குப் பழகிடும். பழகின காலைத் திருப்ப முடியாதுண்ணே. வீடு வீடாப் போயி கையப் பிடிச்சு இழுத்தாலும் வராது."

சொல்லிவிட்டு அவர் கடைக்காரரைப் பார்க்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, ஷட்டர் சாவி எங்க?"

"நானா? எனக்கு விலையே தெரியாது தம்பி."

"உறை மேலயே போட்டிருக்கு."

"நான் ஒருநாள்கூட அங்க உக்காந்ததில்லையே."

"இவளா?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "ஒரு சோப்பு கேட்டா, நாலு சோப்ப எடுத்துப்போட்டு மோந்து பாருங்கம்பா. கடைய அன்னைக்கே மூடிடலாம்."

"மோந்து பாக்கட்டுமேண்ணே. மூக்கு தேயவா போகுது?"

கீழே ஷட்டர் தூக்கிய சத்தம், தன் பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது கடைக்காரருக்கு. பேச்சு மட்டும் மேலே கேட்டது. அலமாரியில் இருந்ததில் பெரும்பகுதியை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார் பாதி. "செருப்புக்கூட மாட்டாம ஓடிவந்து வாங்குற சரக்கு மட்டும் முன்னால இருக்கட்டும்கா. தீப்பெட்டி, பேட்டரி, பிள்ளைக்குக் கட்டுற நாப்கின், துணி சோப்பு. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்." பிஸ்கட் என்னாச்சு, நமுத்துப் போயிருக்குமே என்று மனைவி கேட்டார். "இருந்தாத்தானே நமுக்க? அண்ணன் விழுந்த அன்னைக்கு இருந்ததே ரெண்டு பெட்டி. அதுவும் தேதி நல்லா இருக்கு" என்றார்.

மேலே படுத்திருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஆஃபர் என்று முழுசு முழுசாக இறக்கி, மழையில் ஓதமேறி, மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டினார். தனக்குக் கொட்ட ஒன்றும் இல்லை. கேட்ட பத்தையும் கொடுத்திருந்தால், கால் உடைந்த செலவோடு அதுவும் சேர்ந்திருக்கும். இத்தனை வருடமாகத் தன்னைக் குறைத்தவர் என்று நினைத்த ஆள், தன்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை எந்த வாயால் சொல்வது? கடைக்காரருக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த தடவை வேனோடு சூப்பர்வைசரும் வந்தார். ஒரு கடைக்காக வேனை நிறுத்துவது கட்டுப்படியாகாது என்பதுதான் அவர் பேச்சு. கடைக்காரர் தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாதி எதிர்த்துப் பேசவில்லை. "வாங்க சார், ஒண்ணு பாக்கலாம்" என்று நேராகக் குப்பைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சலவை மடிப்புக் கலையாத சட்டை ஒன்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"போன வாரம் இறக்கினது சார். எல்லாம் தீந்து வெளிய வந்துடுச்சு பாருங்க. பெரிய கடையில இறக்குறோமே, அது என்னைக்கு இப்படி வரும்னு நமக்குத் தெரியுமா?"

சூப்பர்வைசர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்ததும், தலையை ஆட்டியதும் தெரிந்தது. வேன் தொடர்ந்து நின்றது. கடைக்காரர் அன்று வெகுநாள் கழித்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

ஆனால் குடித்தது செரிக்குமுன் ஒரு செய்தி வந்தது. மேல்தட்டில் தூசு படிந்து கிடந்த பெண்களுக்கான பேட் பாக்கெட்டுகள் காலியாகிவிட்டன. இரண்டு பெட்டி வேண்டும் என்று மனைவி கேட்டாராம். பாதி நாலு எழுதினாராம்.

"கூப்பிடு அவன!" என்று கட்டிலே அதிரக் கத்தினார் கடைக்காரர். "எனக்குன்னா பாதி, அவளுக்குன்னா ரெட்டிப்பா?"

பாதி மேலே வந்து, வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணே, அந்த உறை ரொம்ப வருஷமா தொட்டியில கிடக்குது. உங்க அலமாரியில மட்டும் அது நகரவே இல்ல. இந்தச் சந்துப் பொம்பளைங்க இவ்வளவு நாளும் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போயி வாங்கியிருக்காங்க."

"ஏன்? இங்கதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு..."

"அப்புறம்?"

பாதி சுவரைப் பார்த்தார், மருந்து பாட்டிலைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்களும் இருந்தீங்களேண்ணே."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்துக்குப் பயந்து, மழையிலும் வெயிலிலும் எத்தனை பேர் நடந்தார்களோ. "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா" என்றார். "சொன்னா என்னண்ணே பண்ணியிருப்பீங்க? முகத்த மாத்தியிருப்பீங்களா?" என்றார் பாதி.

ஊன்றுகோலோடு படி இறங்கும் அளவுக்குத் தேறியதும் கடைக்காரர் செய்த முதல் காரியம், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து முகப்புத் தகரத்தின் விளிம்பில் சுற்றிக் கட்டியதுதான். அடுத்த முறை வந்த பாதி வழக்கம்போல இடித்தார். வலிக்கவில்லை. நிமிர்ந்து டியூபைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"தண்ணி ஒழுகுது. அதுக்கு."

"ஓ" என்றார் பாதி. அன்றைக்குக் கடைக்காரர் தன் தேநீரை இரண்டாக ஊற்றி, நிறைய இருந்த டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "குடி. ஆறிப் போயிடும்" என்று அதட்டினார். அவருக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான். பாதி அதைச் சொட்டு விடாமல் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள். மனைவி எழுந்து இடம் விட, கடைக்காரர் முனகிக்கொண்டே தன் நாற்காலியில் உட்காரப் போனார். அந்த நேரம் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை வாசலுக்கு வந்தது. உள்ளே பார்த்தது. செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தது. மெயின் ரோடு இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தது.

பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பாதி, கடைக்காரரின் காதருகே வந்து, இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அண்ணே, அக்காவே உக்காரட்டும். நீங்க கொஞ்சம் உள்ள போயி, அந்தப் பக்கமாத் திரும்பி, பேட்டரி எத்தனை இருக்குன்னு எண்ணுறீங்களா?"

கடைக்காரர் அவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஊன்றுகோலை ஊன்றி எழுந்து உள்ளே போய், சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அங்கே இருந்தது ஒரே ஒரு பேட்டரி அட்டைதான். அதையே எண்ணிக்கொண்டு நின்றார்.