கண்ணாடியில் அடித்த டியூப்லைட்

பல ஊர்களில் பல வேலைகள் பார்த்துவிட்டு, இப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். மூக்குக் கண்ணாடி வாங்கியபோது, ஆன்டி-கிளேர் கோட்டிங் போட்டால் லென்ஸில் வெளிச்சம் அடிக்காது என்றார் கடைக்காரர். "நான் இன்னா சினிமாலயா நடிக்கப் போறேன்?" என்று மறுத்துவிட்டேன்.

அப்போது என் மெஷினில் தகடு வைத்தவர் செல்வம். கண்ணாடி வாங்கிய மறுவாரம், என் முதுகுக்குப் பின்னால் எரிந்த டியூப்லைட் லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணில் அடித்தது. அவர் கையை எடுத்துவிட்டார் என்று நினைத்துப் பெடலை மிதித்தேன். பிரஸ் இறங்கி, அவருடைய ஒரு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் செல்வம், "தெரியலன்னா ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே, அண்ணாத்தே?" என்றார்.

கோட்டிங் போட்ட லென்ஸ் மாற்றிய பிறகு அந்த வெளிச்சம் தொல்லை செய்வதில்லை. ஆனாலும் "கை எடுத்தாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே மிதிக்கிறேன். பதில் சொல்வது இப்போது வேறொருவர்.