மூன்று பைகளில் ஒரே கல்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சேம்பிள் பிடிப்பது என்றால் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள்: துளை போடும்போது சேற்றோடு மேலே வரும் கல்லை ஐந்து மீட்டருக்கு ஒரு தரம் அள்ளிக் கழுவி, ஆழம் எழுதிய பையில் போட வேண்டும், அவ்வளவுதான். என்னைப் போல ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஓமன் பாலைவனத்துக்கு வந்து மாட்டிய உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும்.

சாரின் தேர்தல்

எங்கள் ஜியாலஜிஸ்ட் தங்கராஜ் சாருக்குப் பரமக்குடிப் பக்கம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றவர். மறுபடி நிற்கப் போகிறார். மனு கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி. சுண்ணாம்புக்கல் எந்த ஆழத்தில் ஆரம்பிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு லீவு.

மெஸ்ஸில் பேச்சு முழுக்க அதுதான். ஜெயித்தால் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவாராம். சமையல்கார காளியப்பண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அரபிக்கு ரெண்டாயிரம் மீட்டர் தோண்டுறீங்க, நம்மூருக்கு ஒரு போர் போட்டீங்களா சார்? எவன் போடுவான் ஓட்டு?"

என் வேலை

நல்ல மத்தியான வெயில். சேறு வந்து விழும் மேடைக்கு மூன்று தரம் ஏறி இறங்கச் சோம்பல். ஒரே அள்ளில் மூன்று பையை நிரப்பிவிட்டேன். எல்லாம் சாம்பல் நிறக் களிமண் பாறை. நான்காவது பைக்கு ஒழுங்காக அள்ளினேன். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கல்!

சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "போன தடவை எங்க பூத்துல ஒருத்தனே மூணு ஓட்டுப் போட்டான். இங்க நீயாடா தம்பி?"

ஒரு நம்பர்

நடுவில் சுண்ணாம்புக்கல் எந்த ஆழத்தில் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. துளைக்குள் கருவி இறக்கி அளக்கலாம், ஆனால் அது வேறு சைட்டிலிருந்து வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். "சார், ஏதாவது ஒரு நம்பர் எழுதிட்டுக் கிளம்புங்க, எவன் பார்க்கப்போறான்?" என்றேன். சார் 'சேம்பிள் நம்பத் தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எழுதவில்லை. கருவி வரும்வரை லீவு இல்லை என்பதால் ஊருக்குப் போன் போட்டு, தனக்குப் பதில் மச்சானை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மச்சான் ஜெயித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "சம்சாரம் போன்ல அழுதாடா, அவ தம்பி ஜெயிச்ச சந்தோஷத்துல. நான் ஏன் வரலைன்னு ஒருத்தனும் கேக்கலையாம்" என்றார்.

சோம்பேறித்தனத்தால் ஓர் ஊரின் தலைவரையே மாற்றிய நான், இப்போது பைக்கு ஒரு தரம் ஏறி இறங்குகிறேன்.